இருபத்தாறாவது கழுக்கோல்: திரும்பத் திரும்ப வெட்டும் வேலையில் நேரம் எங்கே போகிறது?

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டு வேலை. மங்களூர் ஓடு, இரண்டு பக்கச் சரிவு, பக்கத்துக்கு 26 கழுக்கோல். முகட்டிலிருந்து சுவர் வரை சரிந்து ஓட்டைத் தாங்கும் மரம் அது; மற்ற ஊர்களில் கைமரம் என்பார்கள், எங்கள் பக்கம் கழுக்கோல்தான். எல்லாவற்றுக்கும் ஒரே நீளம், முகட்டில் ஒரே சரிவு வெட்டு, சுவர் உத்திரத்தில் உட்காரும் இடத்தில் ஒரே மாதிரி வாய். முதல் கழுக்கோலை நானே அளந்து வெட்டி, மேலே ஏற்றி வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதை வைத்து மற்றதையெல்லாம் வெட்டும்படி பட்டறைப் பையனிடம் சொல்லிவிட்டு, ஓடு விஷயமாகப் பேச வெளியே போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து நூல் கட்டிப் பார்த்தால், கூரையின் கீழ் விளிம்பான இறவாணம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கோணலாகப் போகிறது. முதல் கழுக்கோலுக்கும் இருபத்தாறாவதற்கும் 12 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். பையனைக் கேட்டேன். "மேல கிடந்ததை எடுத்து வச்சு வரைஞ்சேன் அண்ணே" என்றான். அதாவது ஒன்றை வைத்து இரண்டாவதை வெட்டியிருக்கிறான், இரண்டாவதை வைத்து மூன்றாவதை. பென்சில் கோடு மரத்தின் ஓரத்துக்கு வெளியேதான் விழும், கோட்டை விட்டு வெட்டினால் ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் வளரும். 25 முறை வளர்ந்தால் 12.5 மில்லிமீட்டர். கணக்கு அப்படியே வந்துவிட்டது.

எங்களோடு வேலை பார்த்த பெரிய ஆசாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார். "தம்பி, பேரனைப் பாத்து தாத்தா படம் வரைஞ்ச கதையால்லா இருக்கு."

இறவாணத்தை நூல் போட்டு ஒரே கோட்டில் அறுத்துவிட்டோம். வாய் வெட்டு இடம் தப்பின கழுக்கோல்களுக்கு அடியில் சீவல் வைத்து நிரப்ப வேண்டியதாயிற்று, அதற்கு மறுநாள் முழுவதும் போனது. வெட்டுவதற்கு ஆன நேரத்தைவிட அது அதிகம்.

அந்த எரிச்சலில்தான் இப்படிப்பட்ட வேலையை மற்ற ஊர்த் தச்சர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்ததில் எனக்கு அதிகம் உதவியது ஏதோ புது மெஷினின் கதை என்று நினைக்காதீர்கள். 200 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து என்று சொல்லும் பகுதியில், தச்சர்கள் தங்கள் வேலை முறையையே மாற்றிக்கொண்ட கதை அது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு மூட்டும் தனி ஜோடி

17-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்த் தச்சு முறையையும் கூடவே கொண்டுபோனார்கள். மாசசூசெட்ஸில் டெடாம் என்ற ஊரில் ஃபேர்பேங்க்ஸ் வீடு இன்றும் நிற்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்து அதன் காலத்தை 1637-க்கும் 1641-க்கும் நடுவே என்று கணித்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் மரச்சட்டக வீடுகளில் அதுதான் மிகப் பழையது. கனமான தூண், கனமான உத்திரம், மூலைகளில் சாய்வாக முட்டு. ஒன்றின் முனையில் நாக்கு, இன்னொன்றில் அந்த நாக்கு போய் உட்காரத் துளை, இரண்டையும் சேர்த்து அடித்த மர ஆணி. இவ்வளவுதான் சட்டகம்.

சிக்கல் மரத்தில் இருந்தது. கோடரியால் செதுக்கிய ஓக் மரம் எட்டு அங்குலம் என்று பெயர்தான், ஒரு இடத்தில் எட்டேகால் இருக்கும், இன்னொரு இடத்தில் ஏழே முக்கால். லேசாக முறுக்கும் இருக்கும். அதனால் எந்த இரண்டு மூட்டும் ஒன்றுபோல் வராது. இதற்கு அவர்கள் கையாண்ட முறைக்கு ஸ்கிரைப் ரூல் என்று பெயர். தரையில் முதலில் தூண்களைப் படுக்கவைத்து மட்டம் பார்ப்பார்கள். அதன்மேல் உத்திரத்தை அது நிற்கப்போகும் இடத்திலேயே கிடத்துவார்கள். பிறகு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேல்மரத்தின் வளைவு நெளிவைக் கீழ்மரத்துக்கு அப்படியே கீறி எடுப்பார்கள். வெட்டுவார்கள், பொருத்திப் பார்ப்பார்கள், இடித்தால் கழற்றி இழைப்பார்கள், மறுபடி பொருத்துவார்கள்.

எட்டுக்கு எட்டு அங்குலம், 16 அடி நீளமுள்ள பச்சை ஓக் உத்திரம் ஏறக்குறைய 200 கிலோ வரும். அதை ஒருமுறை தூக்கிவைப்பதே வேலை. தூண் இருக்கிறதே, அது வீட்டின் குறுக்குச் சட்டத்துக்கும் பொது, நெடுக்குச் சுவருக்கும் பொது. ஆகவே அதை இரண்டு முறை தரையில் கிடத்திக் கீற வேண்டும். வேலையில் பாதி, மரத்தை உருட்டுவதிலும் மட்டம் பார்ப்பதிலும் போயிருக்கும் என்பதை நம் பக்கம் ஒரு நாள் உத்திரம் தூக்கியவர் யாரும் ஒப்புக்கொள்வார்.

ஜோடி மாறிவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு மரத்திலும் உளியால் ஒரே எண்ணைக் கொத்துவார்கள். ரோமன் எண்தான், ஏனென்றால் உளிக்கு நேர்க்கோடு சுலபம். அதிலும் நான்கை IV என்று போடாமல் நான்கு கோடாகவே இழுப்பார்கள், ஒன்பதை V-க்குப் பக்கத்தில் நான்கு கோடாக. மரம் தலைகீழாகக் கிடந்தாலும் IV-ஐ VI என்று யாரும் படித்துவிடக் கூடாதே. பழைய வீடுகளின் பரணில் இந்தக் கீறல்களை இன்றும் பார்க்கலாம். எனக்கு இது அழகாகப் படுகிறது. ஆனால் நேரக் கணக்கில் பார்த்தால், இந்த எண்கள் இருப்பதே ஒரு மரத்தை இன்னொன்றின் இடத்தில் மாற்றிப் போட முடியாது என்பதற்குச் சாட்சி.

மரத்துக்குள் இருக்கும் மரம்

18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது முப்பது ஆண்டுகளிலும் நியூ இங்கிலாந்திலும் நியூயார்க் பக்கமும் இந்த முறை மாறியது. நிலம் நிறைய, விவசாயக் கொட்டகைகள் வரிசையாகத் தேவைப்பட்டன, தச்சர்களோ குறைவு. புது முறையின் பெயர் ஸ்கொயர் ரூல்.

யோசனை எளிமையானது. இந்தக் கோணல் எட்டங்குல மரத்துக்குள்ளே, நூல் பிடித்தாற்போல் ஒரு ஏழரை அங்குல மரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வெளிமரம் எப்படி நெளிந்தாலும் உள்மரம் நெளியாது. மரத்தின் நான்கு முகத்தில் அடுத்தடுத்த இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, எல்லா அளவையும் அந்த இரண்டிலிருந்து மட்டுமே எடுப்பது. பலகை அடிக்கும் வெளிமுகம், தரைப்பலகை படியும் மேல்முகம் என்று எது சமமாக வர வேண்டுமோ அதுதான் ஆதார முகம். மூட்டு வரும் இடத்தில் மட்டும், எதிர்ப்பக்கத்தைச் செதுக்கி அந்த ஏழரை வரை இறக்கிவிடுவார்கள். மற்ற இடத்தில் மரம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை.

இப்படிச் செய்தால் ஒவ்வொரு தூணும், மூட்டைப் பொறுத்தவரை, ஏழரை அங்குலத் தூண். சாய்முட்டு எந்தத் தூணில் போனாலும் அது பார்ப்பது ஒரே அளவு முகத்தை. அப்புறம் எதற்குத் தரையில் கிடத்துவது, எதற்குத் தூக்குக்குண்டு, எதற்கு எண் கொத்துவது?

இங்கே எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. புது முறையில் வெட்டு வேலை குறையவில்லை, கூடியது. ஒவ்வொரு மூட்டிலும் அந்த அரை அங்குலத்தைச் செதுக்குவது பழைய முறையில் இல்லாத வேலை. ரம்பத்தால் இரண்டு பக்கமும் கீறி, நடுவில் உளியால் பெயர்த்து எடுக்க வேண்டும். அப்படியும் மொத்த வேலை குறைந்தது, ஏனென்றால் தூக்குவதும் கிடத்துவதும் பொருத்திப் பார்த்துக் கழற்றுவதும் போய்விட்டன. நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெட்டைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நானே அப்படித்தான் ரம்பத்துக்கு மேல் ரம்பமாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாதாரணக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். நான்கு குறுக்குச் சட்டம், அவற்றுக்கு நடுவே மூன்று அறை. ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஓரத் தூண், தூணுக்கும் குறுக்கு உத்திரத்துக்கும் ஒரு சாய்முட்டு, ஆக எட்டு. நெடுக்குச் சுவரில் கடைசித் தூண்களுக்கு ஒன்று, நடுத் தூண்களுக்கு இரண்டு பக்கமும், ஒரு சுவருக்கு ஆறு, இரண்டு சுவருக்குப் பன்னிரண்டு. மொத்தம் 20 சாய்முட்டு. அதற்கு 40 நாக்கு, 40 துளை. ஸ்கிரைப் முறையில் இவை 20 வெவ்வேறு முட்டுகள். ஸ்கொயர் முறையில் ஒரே முட்டு, 20 முறை. ஒரு பலகையில் மாதிரி வெட்டிக்கொண்டு, கொட்டகைக்குள் உட்கார்ந்து மழைநாளில்கூட அடுக்கடுக்காக வெட்டிப் போடலாம். தூண் இன்னும் காட்டில் நின்றால்கூடப் பரவாயில்லை.

தூண்களுக்கும் அதே கதை. ஒரு நீளக் குச்சியில் எந்த உயரத்தில் எந்தத் துளை என்று எல்லாவற்றையும் ஒருமுறை குறித்துவிடுவார்கள். பிறகு டேப்பும் இல்லை, கணக்கும் இல்லை. குச்சியை வைத்துக் கோட்டைப் போடு, அடுத்த தூண். நம் ஊரில் ஜன்னல் செய்யும் ஆசாரிகளும் இப்படி ஒரு குச்சியில் அளவு வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நான் அதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கருவியே மாதிரியாக

இந்த மாற்றத்தோடு ஒட்டி வந்த ஒரு கருவி இரும்பு மூலமட்டம், அதாவது செங்கோணம் பார்க்கும் L வடிவ அளவுகோல். வெர்மான்ட்டில் ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஊரில் சைலஸ் ஹாஸ் என்ற கொல்லர், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த 1812 போருக்குப் பிறகான ஆண்டுகளில், தேய்ந்துபோன ரம்ப இரும்புகளைச் சேர்த்துப் பற்றவைத்து மூலமட்டம் செய்ய ஆரம்பித்தார். 1819-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தப் பகுதியே பிறகு மூலமட்டம் செய்யும் ஊராக மாறியது.

இன்று கடையில் கிடைக்கும் பெரிய ஃப்ரேமிங் மூலமட்டத்தை எடுத்துப் பாருங்கள். நீளக்கை 24 அங்குலம், அதன் அகலம் 2 அங்குலம். குட்டைக்கை 16 அங்குலம், அகலம் ஒன்றரை. இந்த அகலங்கள் சும்மா வந்தவை இல்லை. ஆதார முகத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒன்றரை அல்லது இரண்டு அங்குல அகலத்தில் துளை என்பது மரச்சட்டகத் தச்சர்களின் வழக்கமான அளவு. நீளக்கையை மரத்தின் ஓரத்தோடு ஒட்டிவைத்து உள்கோட்டைப் போட்டால் இரண்டு அங்குலம் தானாக வந்துவிட்டது. அந்தக் கோட்டில் குட்டைக்கையை வைத்து மறுபக்கம் போட்டால் ஒன்றரை அங்குலத் துளையும் வந்துவிட்டது. எண்ணைப் படிக்கவே வேண்டாம். எண்ணைப் படிக்காத இடத்தில் எண்ணைத் தப்பாகப் படிக்கவும் முடியாது.

சாய்முட்டு நீளத்துக்கும் அதிலேயே அட்டவணை பொறித்திருக்கும். 36-க்கு 36 என்ற இடத்துக்குப் பக்கத்தில் 50.91 என்று இருக்கும். தூணில் மூன்று அடி கீழே, உத்திரத்தில் மூன்று அடி தள்ளி என்றால் முட்டின் நீளம் அவ்வளவு அங்குலம். வர்க்கமூலம் தெரியாத தச்சருக்கும் அது போதும்.

துளை போடும் வேலைக்குப் பின்னாளில் கைப்பிடி சுற்றும் துரப்பண மெஷின் வந்தது. மரத்தின்மேல் வைத்து, அதன் பலகையிலேயே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சுற்றுவது. வரிசையாகத் துளையிட்டுவிட்டு, மீதியை உளியால் சதுரமாக்கினால் போதும்.

என்ன போனது

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மூட்டு வரும் இடத்திலேயே மரத்தின் கனத்தைக் குறைக்கிறோம். பாரம் கூடின இடத்தில் அதைக் கணக்கில் எடுத்துத்தான் மரம் தேர வேண்டும். பழைய முறையில் மூட்டு, மரத்தின் நெளிவோடு ஒட்டிப்போகும், கத்தி நுழையாது. புது முறையில் செதுக்கின பள்ளத்தின் ஓரம் அங்கங்கே வாய் திறந்து தெரியும். மாட்டுக்கொட்டகைக்கு அது யாருக்கு வேண்டும்? ஆனால் வரவேற்பறையில் உறுத்தும்.

இன்னொன்று எனக்கு வயிற்றைக் கலக்குவது. பழைய முறையில் ஒவ்வொரு மூட்டும் முன்கூட்டியே பொருத்திப் பார்த்தது. புது முறையில், சட்டகம் தூக்கும் நாளில்தான், அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் கழியோடு வந்து நிற்கும்போதுதான், நாக்கும் துளையும் முதல்முறையாகச் சந்திக்கின்றன. மாதிரிப் பலகை கால் அங்குலம் தப்பென்றால் இருபது முட்டும் தப்பு. ஸ்கிரைப் முறையில் தவறினால் ஒன்று போகும், ஸ்கொயர் முறையில் தவறினால் ஒரு கட்டு போகும். ஆகவே அந்த முதல் மாதிரிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

பழைய முறையும் செத்துவிடவில்லை. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி எரிந்துபோனதே, அதன் நடுக்கூடத்துக் கூரைச் சட்டகத்தைப் பச்சை ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கி, தரையில் முழு அளவுப் படம் வரைந்து, மரத்துக்கு மரம் கீறித்தான் மறுபடி செய்தார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. மரம் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால், அந்த வேறுபாட்டையே காட்ட நினைத்தால், கீறுவதுதான் வழி.

மறுகோடியில் ஜப்பான். அங்கே தூண்-உத்திர வீடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், மூட்டுகளைத் தொழிற்சாலையிலேயே மெஷினில் வெட்டிக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். ஜெர்மனியில் ஹவாங்கன் ஊரின் ஹுண்டெக்கர் நிறுவனம் இதற்கென்றே கம்ப்யூட்டர் மெஷின் செய்கிறது. உள்ளே ஓடும் யோசனை அதே ஏழரை அங்குல மரம்தான். பென்சில் மட்டும் போய்விட்டது.

நடுவில் ஒரு விஷயம். கையில் பிடிக்கும் மின்ரம்பம் 1920-களில் ஸ்கில்ஸா என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது. எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு யோசித்த மெஷின் என்பார்கள். வெட்டு நொடியில் முடிய ஆரம்பித்ததும், கோடு போடுவதுதான் பெரிய செலவாகத் தெரிந்தது. கலிபோர்னியாவின் கூரைத் தச்சர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். கைமரங்களை முனை சேர்த்து, குறுகின பக்கம் மேலே வர நெருக்கி அடுக்கி, மொத்தத்துக்கும் குறுக்கே ஒரே நூல் போட்டு, ரம்பத்தைச் சரித்து ஒரே ஓட்டமாக வெட்டிக்கொண்டு போவது. முப்பது மரத்துக்கு முப்பது கோடு போடாமல் ஒரு கோடு.

எங்கள் பட்டறையில்

அடுத்த ஓட்டு வேலைக்கு இதிலிருந்து மூன்று விஷயம் எடுத்தேன். முதலாவது, மாதிரி. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கழுக்கோலின் முகட்டு வெட்டுக்கும் வாய்க்கும் ஒரு மாதிரி. அதன் மேல் ஓரத்தில் ஒரு பட்டையை ஆணியடித்து, மரத்தின் மேல் விளிம்பில் கொக்கி மாதிரி உட்காரும்படி செய்தோம். முகட்டு முனையிலிருந்து வாய்க்கு உள்ள தூரத்துக்குத் தனியாக ஒரு குச்சி. இரண்டையும் மரத்தில் வைத்து மட்டும்தான் வரைய வேண்டும், வெட்டிய கழுக்கோலை வைத்து யாரும் வரையக் கூடாது. பிளைவுட்டுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டேன், தவறிப்போய் யாரும் விறகோடு சேர்க்காமலிருக்க.

இரண்டாவது சின்னது, ஆனால் அடிக்கடி கழுத்தறுப்பது. ஒரே நீளம் வெட்ட மேஜையில் ஒரு நிறுத்துக்கட்டை அடித்திருந்தோம். மரத்தூள் அதன் மூலையில் சேரச் சேர மரம் முழுதாகப் போய் முட்டாது, நீளம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கட்டையின் அடி விளிம்பை உளியால் சரிவாகச் சீவிவிட்டால் தூளுக்கு ஒதுங்க இடம் கிடைத்துவிடும். அரை நிமிஷ வேலை.

மூன்றாவதுதான் பெரிது. மில்லில் அறுத்து வரும் ஐந்தங்குலக் கழுக்கோல் ஒன்று நாலே முக்கால் இருக்கும், ஒன்று ஐந்தைத் தாண்டும். நாங்கள் எப்போதும் வாயின் ஆழத்தைக் கீழ் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலம் என்று வெட்டுவோம். ஆழம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும், ஆனால் மேல் விளிம்பு ஏறி இறங்கி நிற்கும். ஓடு மாட்டும் குறுக்குச் சட்டமான ரீப்பரை அடிக்கும்போதுதான் தெரியும், அப்புறம் இழைப்பதும் தக்கை வைப்பதும் நடக்கும். ஸ்கொயர் ரூல் படித்த பிறகு உறைத்தது: ஓடு படிவது மேல் விளிம்பில், ஆகவே அதுதான் ஆதார முகம். இப்போது மேலிருந்து மூன்றேகால் அங்குலத்தை வைத்துக்கொண்டு, கீழே மிச்சம் இருப்பது எவ்வளவோ அவ்வளவையும் வெட்டி எடுத்துவிடுகிறோம். வாய் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஆழம். பார்க்கிற புது ஆளுக்குக் கண்டபடி வெட்டியது மாதிரித் தோன்றும்.

பெரிய ஆசாரிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "வாய் எல்லாம் வேற வேறயா இருந்தா பாக்கிறவன் என்ன சொல்லுவான் தம்பி?" என்றார். "ஓடு போட்டப்புறம் வாயை யாரு அண்ணாச்சி பாக்கப்போறா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ரீப்பர் ஒன்றை எடுத்து, வரிசையின் குறுக்கே, இருபத்தாறு கழுக்கோலுக்கும் மேலே கிடத்திக்கொண்டே போனார். எங்கும் ஆடவில்லை. முகட்டிலிருந்து இறங்கி வந்து, சிவப்பு மாதிரியைக் கழற்றி, தன் கருவிப் பையோடு சேர்த்துக் கட்டிவைத்துக்கொண்டார்.